‘நம்ம நினைப்பு’: மொழி மாறினால் மனமும் மாறிவிடுமா?

மொழி நம் சிந்தனையை உருவாக்குகிறதா என்று பொதுவாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதன் கீழே நீங்கள் எழுதியிருப்பவற்றையும் சேர்த்துப் படித்தால், கேள்வி அதைவிடக் குறிப்பானது என்று தெரிகிறது. நீங்கள் தேவகோட்டையில் பிறந்து சிங்கப்பூரில் வேலை பார்க்கிறீர்கள். உங்கள் ஒன்பது வயது மகளுக்குத் தமிழ் புரிகிறது, பதில் மட்டும் ஆங்கிலத்தில் வருகிறது. சென்ற விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது உங்கள் ஆத்தா, ‘இந்தப் பிள்ளைக்கு நம்ம நினைப்பே இல்லையேப்பா’ என்று சொன்னது உங்களை இன்னும் உறுத்துகிறது. அலுவலகத்தில் ஆங்கிலத்தில் தயக்கமின்றி மறுத்துப் பேசும் நீங்கள், ஊரில் வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) பெரியவர்கள் முன் தமிழ் பேசத் தொடங்கியதும் வேறு ஆளாகிவிடுவதாகவும் சொல்கிறீர்கள். ஆக, நீங்கள் அறிய விரும்புவது இரண்டு: தமிழ் பேசாமல் வளரும் மகள் நம்மைப் போல் நினைக்க முடியாதவளாகிவிடுவாளா, இரண்டு மொழியில் இரண்டு ஆளாக இருக்கும் உங்களில் உண்மையானவர் யார். இவற்றுக்கே பதில் சொல்ல முயல்கிறேன்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் மொழியியல் கற்பித்தவன். ஓய்வுக்குப் பின் காரைக்குடியில் இருக்கிறேன். உளவியல் ஆய்வகத்தில் சோதனைகள் நடத்தியவன் அல்லன். ஆகவே சோதனைகளைப் பற்றி நான் சொல்வது படித்து, ஒப்பிட்டு, மாணவர்களோடு விவாதித்து அறிந்தது. நம் வட்டார வழக்கைப் பற்றிச் சொல்வது பிறந்ததிலிருந்து காதில் விழுந்தது. இரண்டுக்கும் ஒரே அளவு உறுதி கிடையாது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மொழியே சிந்தனையை உருவாக்குகிறது என்ற கருத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர்கள் மொழியியலாளர் எட்வர்ட் சபீர், அவரிடம் பயின்ற பெஞ்சமின் லீ வோர்ஃப். வோர்ஃப் தொழிலால் தீக்காப்பீட்டு நிறுவனமொன்றின் ஆய்வாளர். பெட்ரோல் தீர்ந்த பீப்பாய்களைத் தொழிலாளர்கள் ‘காலி’ என்று சொல்லிப் பழகியதால், உள்ளே தேங்கிய ஆவி எளிதில் தீப்பற்றும் என்பதை மறந்து பக்கத்திலேயே புகை பிடித்தார்கள் என்று அவர் எழுதியது இன்றும் வகுப்பறைகளில் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. அந்த அவதானிப்பில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஹோப்பி என்னும் அமெரிக்கப் பழங்குடி மொழியில் காலத்தைக் குறிக்கும் சொற்களோ வடிவங்களோ இல்லை, ஆகவே அவர்கள் காலத்தை நம்மைப் போல் உணர்வதில்லை என்று அவர் சொன்னது நிற்கவில்லை. எக்கெஹார்ட் மலோட்கி என்பவர் 1983இல் வெளியிட்ட பெருநூலில், அம்மொழியில் காலம் குறிக்கும் வழக்குகளைப் பக்கம் பக்கமாக எடுத்துக்காட்டினார். மொழி ஒரு சிறை, அதில் சொல் இல்லாத ஒன்றை மனம் நினைக்கவே முடியாது என்ற கொள்கையை இன்று மொழியியலில் ஏறத்தாழ யாரும் ஏற்பதில்லை. எனவே உங்கள் முதல் அச்சத்தில் பெரும்பகுதியை இங்கேயே விட்டுவிடலாம். தமிழில் நினைக்கக்கூடிய எதையும் உங்கள் மகள் ஆங்கிலத்திலும் நினைக்க முடியும்.

அப்படியானால் மொழிக்கு ஒரு பங்கும் இல்லையா என்றால், இருக்கிறது. மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் 1959இல் சொன்ன கருத்துத்தான் இதில் எனக்கு இன்றுவரை வழிகாட்டி. ஒரு மொழியில் எதைச் சொல்ல முடியும் என்பதில் மொழிகளுக்குள் பெரிய வேறுபாடு இல்லை. எதைச் சொல்லாமல் விட முடியாது என்பதில்தான் வேறுபாடு. வாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் மொழி நம்மிடம் சில விவரங்களைக் கட்டாயமாகக் கேட்டு வாங்குகிறது. ஆங்கிலத்தில் ‘யூ’ என்று சொல்ல, எதிரே இருப்பவர் மூத்தவரா இளையவரா என்று பார்க்க வேண்டியதில்லை. தமிழில் ‘நீ’யா ‘நீங்கள்’ஆ என்று முடிவெடுக்காமல் ‘சாப்பிட்டாச்சா’ என்று சுற்றிவளைத்துத் தப்பிக்கலாமே தவிர, நெடுநேரம் பேச முடியாது. ஒரு நாளில் நூறு முறை கேட்கப்படும் கேள்விக்குப் பதில் சொல்ல, மனம் அந்த விவரத்தை எப்போதும் கைவசம் வைத்திருந்தாக வேண்டும். இதைப் பழக்கம் என்பேன், சிறை என்று சொல்ல மாட்டேன்.

நம் மொழியில் இதற்கு மிக நுட்பமான இடம் ‘நாம்’, ‘நாங்கள்’ என்ற பிரிவு. கேட்பவரையும் சேர்த்துக்கொள்வது ‘நாம்’, விலக்குவது ‘நாங்கள்’. சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் வீட்டுத் திருமணப் பேச்சில் நானும் உடனிருந்தேன். முகப்பில் பாய் விரித்து இரு வீட்டாரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். காலை முழுவதும் ‘எங்க பொண்ணு’, ‘எங்க பையன்’, ‘நாங்க செய்யிறது இவ்வளவுதான்’ என்றே பேச்சு நடந்தது. சீர் விவரத்தில் ஓரிடத்தில் பேச்சு தட்டி, இரு பக்கமும் அமைதியாகிவிட்டது. அப்போது மாப்பிள்ளையின் அப்பத்தா, வெற்றிலைத் தட்டைப் பெண் வீட்டார் பக்கம் நகர்த்தியபடியே, ‘நம்ம பிள்ளைக்கு இதுக்கு மேல என்னத்துக்கு ஆச்சி?’ என்றார். அவர் ‘பிள்ளை’ என்றது மணப்பெண்ணை. அதுவரை ‘எங்க பொண்ணாக’ இருந்தவள் அந்த ஒரு சொல்லில் இரு வீட்டுக்கும் பொதுவாகிவிட்டாள். பெண்ணின் அப்பச்சி (அப்பா) நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். அதன்பின் பேச்சு முடிய அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அந்த அப்பத்தாவின் மனத்திலிருந்த நல்லெண்ணத்தை ஆங்கிலத்திலும் தெரிவிக்கலாம். ஆனால் அதற்கென்று ஒரு முழு வாக்கியம் வேண்டியிருக்கும், அப்படி வெளிப்படையாகச் சொன்னால் அது பேரத்தின் ஒரு பகுதியாகவே கேட்கும். தமிழ் அதை ஒரு சிறு சொல்லுக்குள் வைத்திருப்பதால், நம்மவர்களுக்கு ‘யார் உள்ளே, யார் வெளியே’ என்பது எப்போதும் காதிலேயே இருக்கிறது. இது என் அவதானிப்பு. சோதனையால் அளந்தது அன்று.

அளந்து பார்த்த ஒன்றும் இருக்கிறது, அதுவும் நம் பக்கத்து ஊரிலேயே. நம் வீடுகளில், ‘உக்கிராணத்துல தெக்குச் செவுத்தோரம் இருக்கிற தூக்க எடுத்துட்டு வா’, ‘கொஞ்சம் கிழக்கால நகந்து உக்காரு’ என்றெல்லாம் சொல்வது வழக்கம். சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம்கூட இடம் வலம் சொல்லாமல் திசை சொல்வார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கூகு இமிதிர் என்ற மொழியைப் பேசுவோர் இப்படித்தான், கையெட்டும் தூரத்துப் பொருளையும் வடக்கு, தெற்கு என்றே குறிப்பார்கள். அவர்களைப் பற்றிய ஆய்வுகளின் தொடர்ச்சியாக, 1990களில் நெதர்லாந்தின் நைமேகன் நகரிலுள்ள மேக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தின் சார்பில் எரிக் பீடர்சன் மதுரை வட்டாரத்தில் தமிழ் பேசுவோரிடையே ஆய்வு செய்தார். ‘நகரத்தார்’ என்று செட்டிநாட்டுச் சமூகத்தவராகிய நாம் நம்மைச் சொல்லிக்கொள்ளும் பொருளில் அல்லாமல், உண்மையிலேயே நகரவாசிகளாக இருந்தவர்கள் இடம், வலம் என்று பேசினார்கள். கிராமத்தவர்கள் திசைகளால் பேசினார்கள்.

சோதனை எளிமையானது. மேசையின்மேல் பொம்மை விலங்குகளை வரிசையாக நிறுத்திக் காட்டுவார்கள். பிறகு ஆளைத் திருப்பி, பின்னால் உள்ள மேசையில் அதே வரிசையை அமைக்கச் சொல்வார்கள். விலங்குகள் வலப்புறம் பார்த்து நின்றன என்று மனத்தில் வாங்கியவர், திரும்பிய பின்னும் தம் வலப்புறம் பார்க்கும்படி வைப்பார். கிழக்கே பார்த்து நின்றன என்று வாங்கியவர் கிழக்கே பார்க்கும்படியே வைப்பார், அது இப்போது அவருடைய இடப்புறமாக இருக்கும். பேச்சு வழக்கு எப்படியோ அப்படியே நினைவும் இருக்கும் போக்கு இந்த ஆய்வுகளில் தென்பட்டது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, இரு சாராரும் பேசியது தமிழே என்பது. ஆகவே வேறுபாட்டுக்குக் காரணம் ‘தமிழ்’ என்ற மொழி அன்று. அதை எவ்வாறு பேசிப் பழகினார்கள் என்பதே. இதற்கு எதிர்வாதமும் உண்டு. பெக்கி லீ, லைலா கிளைட்மன் ஆகிய இருவரும் 2002இல், ஒரே மொழி பேசும் அமெரிக்க மாணவர்களே அறையின் சூழலைப் பொறுத்து இரு விதமாகவும் அடுக்குகிறார்கள் என்று காட்டினார்கள். வெயிலையும் வயல் வரப்பையும் பார்த்து வாழ்பவருக்குத் திசை இயல்பாகவே மனத்தில் நிற்கும், பேச்சு அதன் விளைவாகவும் இருக்கலாம் என்பது அவ்வாதத்தின் சாரம். மறுப்பும் மறுமறுப்பும் தொடர்ந்தன. சூழல் திசையை முக்கியமாக்குகிறது, பேச்சு அதை அன்றாடப் பயிற்சியாக்குகிறது என்று இரண்டையும் சேர்த்தே நான் புரிந்துகொள்கிறேன். கானாடுகாத்தானில் முகப்பிலிருந்து கடைசிக் கட்டுவரை ஒரே நேர்கோட்டில் போகும் வீட்டில் வளர்ந்த குழந்தைக்குத் திசை தெரிவதில் வியப்பில்லை. பதினேழாவது மாடியில் வளரும் உங்கள் மகளிடம் அதை எதிர்பார்ப்பதில் நியாயமும் இல்லை.

அளந்து பார்க்கப்பட்டவற்றுள் இன்னொன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மொழியின் விளைவு எவ்வளவு பெரியது என்று மதிப்பிட அது உதவும். ரஷ்ய மொழியில் அடர்நீலத்துக்கும் வெளிர்நீலத்துக்கும் தனித்தனி அடிப்படைச் சொற்கள். 2007இல் வெளிவந்த ஆய்வொன்றில், இந்த எல்லைக்கு இருபுறமும் அமைந்த நீலங்களை ரஷ்ய மொழியினர் சற்று விரைவாகப் பிரித்தறிந்தார்கள்; ஆங்கிலம் பேசுவோரிடம் அந்த வேகம் இல்லை. வேறுபாடு நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். மனத்துக்குள் எண்களைச் சொல்லிக்கொண்டே பார்க்கச் சொன்னபோது அதுவும் மறைந்துவிட்டது. கண் மாறவில்லை, கண்ணுக்கு மொழி பக்கத்திலிருந்து கைகொடுக்கிறது, அவ்வளவே.

எண் விஷயத்தில் மொழியின் கை இன்னும் வலுவானது. என் ஐயா ரங்கூன் மொகல் தெருவில் பெட்டியடியாக (கடையின் தொடக்கநிலை ஊழியராக) தொடங்கிப் பல ஆண்டுகள் பர்மாவில் இருந்தவர். பர்மிய மொழியில் சரளமாகப் பேரம் பேசுவார், ஆங்கிலக் கடிதத்தையும் படிப்பார். ஆனால் வட்டியைக் கணக்கிடும்போது உதடு அசைவது தமிழில்தான். மாகாணி என்றால் 16இல் ஒன்று, மா 20இல் ஒன்று, காணி 80இல் ஒன்று, முந்திரி 320இல் ஒன்று என்று சிறு வயதில் வாய்ப்பாடாகப் பதிந்த சொற்களைக் கொண்டே பேரேடும் ஐந்தொகையும் அவர் மனத்தில் ஓடின. 1999இல் ரஷ்ய மொழியும் ஆங்கிலமும் தெரிந்தவர்களிடையே நடந்த ஆய்வு இதையே சொல்கிறது. துல்லியமான கூட்டலை எந்த மொழியில் பயின்றார்களோ அந்த மொழியில்தான் விரைவாகச் செய்தார்கள். தோராயமான மதிப்பீட்டில் மொழி வேறுபாடு காணப்படவில்லை. அமேசான் காட்டில் வாழும் பிரஹா மக்களின் மொழியில் துல்லியமான எண்ணுப்பெயர்களே இல்லை. கண்முன் இருக்கும் பொருள்களுக்கு ஒன்றுக்கொன்றாக இணைவைக்க அவர்களால் முடிகிறது, மறைத்துவிட்டு நினைவிலிருந்து வைக்கச் சொன்னால்தான் தடுமாறுகிறார்கள் என்று 2008இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. எண்ணுப்பெயர் என்பது ஏணி போல. கருவி இல்லையென்றால் அந்த உயரம் எட்டாது, ஆனால் எந்த மொழியின் ஏணி என்பது முக்கியமன்று. உங்கள் மகள் ஆங்கிலத்தில் கணக்குப் போடட்டும், அதில் இழப்பேதும் இல்லை.

உறவுச் சொற்களில்தான் நாம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அம்மான் வேறு, சித்தப்பா வேறு. அத்தை வேறு, சின்னத்தா (சித்தி) வேறு. எவருடைய பிள்ளைகள் உடன்பிறந்தார் முறை, எவருடைய பிள்ளைகள் மணமுறை என்பது அழைக்கும் சொல்லிலேயே இருக்கிறது. அமெரிக்க மானுடவியலாளர் லூயிஸ் ஹென்றி மார்கன் 1871இல் உலக உறவுமுறைகளைத் தொகுத்தபோது, நம் முறையும் அமெரிக்காவின் இரோகுவா மக்களின் முறையும் வியக்கத்தக்க அளவு ஒத்திருப்பதைக் கண்டு, அவர்கள் ஆசியாவிலிருந்து சென்றவர்கள் என்பதற்கு அதையே சான்றாக்கினார். அவர்கள் ஆசியாவிலிருந்து சென்றது வேறு சான்றுகளால் உறுதிப்பட்டிருக்கிறது. ஆனால் உறவுச் சொற்கள் அதற்குச் சான்றாகா. இத்தகைய முறைகள் வெவ்வேறு இடங்களில் தாமாகவே தோன்றக்கூடியவை. சொல்லை வைத்து மனத்தையும் வரலாற்றையும் படிக்க முயல்பவர் எவ்வளவு பெரிய அறிஞரானாலும் வழுக்கக்கூடும் என்பதற்காகச் சொல்கிறேன். வழக்கம் சொல்லை உண்டாக்குகிறது, சொல் வழக்கத்தைக் காத்துத் தருகிறது. எது முந்தியது என்று பிரிப்பது கடினம். நம்மிடையே முன்பின் தெரியாத இருவர் சந்தித்தால் பெயரைக் கேட்பதற்கு முன், ‘எந்த ஊரு, எந்தக் கோயிலு?’ என்றுதானே தொடங்குகிறார்கள்? நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களில் எது என்று தெரிந்தால் பங்காளியா, சம்பந்தம் செய்யக்கூடியவரா என்பது தெரிந்துவிடும். கோயில் கணக்கில் ஒருவன் திருமணமான பிறகுதான், அதுவும் மனைவியோடு சேர்ந்து, ஒரு ‘புள்ளி’, அதாவது தனிக் குடும்பமாக எண்ணப்படுபவன், ஆகிறான். இந்தச் சொற்களோடு வளர்பவருக்கு ‘நான்’ என்பது தனியாக நிற்கும் ஒன்றாக முதலில் தோன்றாது. இன்னாரின் மகன், இன்ன கோயில் என்ற இடமாகத் தோன்றும். எல்லோரும் ‘அங்கிள்’, ‘ஆண்ட்டி’ ஆகும்போது மங்குவது இந்த வரைபடம். உங்கள் மகளால் அதைப் புரிந்துகொள்ள முடியாது என்பதில்லை, ஆனால் யாராவது உட்கார்ந்து விளக்க வேண்டியிருக்கும். தமிழில் பேசும் குழந்தைக்கு விளக்க வேண்டியதில்லை.

இனி, நம்பக் கூடாதவை அல்லது பொறுத்திருந்து நம்ப வேண்டியவை. ‘பாலம்’ ஜெர்மானிய மொழியில் பெண்பால் என்பதால் அம்மக்கள் அதை நளினமானதாகவும், ஸ்பானிய மொழியில் ஆண்பால் என்பதால் அவர்கள் வலிமையானதாகவும் வருணிக்கிறார்கள் என்று பலமுறை படித்திருப்பீர்கள்; மறுபடி செய்து பார்த்தவர்களுக்கு அம்முடிவு கிட்டவில்லை. சீன மொழியினர் காலத்தை மேலிருந்து கீழாக நினைக்கிறார்கள் என்ற 2001ஆம் ஆண்டு ஆய்வுக்கும் அதே கதி. எதிர்காலத்தைத் தனி வினைவடிவால் குறிக்கும் மொழியினர் குறைவாகச் சேமிக்கிறார்கள் என்று பொருளியலாளர் கீத் சென் 2013இல் எழுதினார். மொழிகளுக்கிடையே உள்ள உறவைக் கணக்கில் கொண்டு, அவரும் சேர்ந்து 2015இல் செய்த மறு ஆய்வில் அந்தத் தொடர்பு மிகவும் நலிந்துவிட்டது. ‘வருவேன்’, ‘தருவேன்’ என்று எதிர்காலத்துக்குத் தெளிவான இடைநிலை வைத்திருக்கும் மொழியைப் பேசிக்கொண்டே நம் முன்னோர்கள் பேரப்பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பொருள் சேமித்தார்கள் என்பது என் நினைவுக்கு வருகிறது. ஒரு சமூகத்தை வைத்துப் புள்ளிவிவரத்தை மறுக்க முடியாது என்பதும் தெரியும். அதேபோல், ‘எனக்குப் பசிக்கிறது’, ‘எனக்குத் தெரியும்’ என்று நான்காம் வேற்றுமையில் பேசுவதால் தமிழர் தம்மைச் செயலற்றவராக உணர்கிறார்கள் என்ற கூற்றுக்கு ஆதாரம் கிடையாது. குளிர்கிறது என்பதை ஜெர்மானியரும் இதே வேற்றுமையில்தான் சொல்கிறார்கள்.

உங்கள் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். மொழி மாறும்போது ஆள் மாறுவதாக உணர்வது உங்களுக்கு மட்டும் நேர்வதன்று. பன்மொழியாளர் ஆயிரத்துக்கு மேற்பட்டோரிடம் அனெட்டா பாவ்லென்கோ இதைக் கேட்டபோது, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஆம் என்றார்கள். சூசன் எர்வின்-டிரிப் 1960களில் அமெரிக்காவில் வாழ்ந்த ஜப்பானியப் பெண்களிடம், ‘என் விருப்பம் குடும்பத்தோடு முரண்படும்போது’ என்ற தொடரை முடிக்கச் சொன்னார். ஒரே பெண் ஜப்பானிய மொழியில் அது பெருந்துயரமான நேரம் என்றும், ஆங்கிலத்தில் நான் விரும்பியதைச் செய்வேன் என்றும் முடித்தார். ஆனால் இருமொழியாளரை ஆராய்ந்த ஃபிரான்சுவா குரோஷான் ஒரு முக்கியமான எச்சரிக்கை தருகிறார்: மொழி மாறும்போது எதிரே இருக்கும் ஆளும், இடமும், பேசும் பொருளும் சேர்ந்தே மாறுகின்றன, மாற்றத்துக்கு மொழியை மட்டும் காரணமாக்க முடியாது. உங்கள் விஷயத்தில் இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. சிங்கப்பூரில் உங்கள் வயதுத் தமிழ் நண்பர்களோடு வாதாடும்போது நீங்கள் பணிந்தா பேசுகிறீர்கள்? இல்லையென்றால், உங்களை அடக்குவது தமிழன்று. வளவும், அங்கே அமர்ந்திருக்கும் பெரியவர்களும்தான். ஒன்றை மட்டும் மொழியின் கணக்கிலேயே எழுதலாம். துருக்கி மொழியைத் தாய்மொழியாகவும் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகவும் கொண்டவர்களுக்கு, சிறு வயதில் கேட்கும் கண்டிப்புச் சொற்களை இரு மொழியிலும் கேட்கச் செய்து தோலின் வியர்வை மாற்றத்தை அளந்தார்கள். தாய்மொழிக் கண்டிப்புக்கே உடல் அதிகம் துலங்கியது. இது 2003இல் வெளிவந்தது. ‘வெக்கமா இல்ல?’ என்று ஆத்தா சொன்னால் நாற்பது வயதிலும் காது சூடாவது அதனால்தான். இரண்டு ஆளும் நீங்கள்தான். ஒருவர் முந்திப் பிறந்தவர், அவ்வளவே.

மகளுக்கு ஒன்பது வயது என்பது தாமதமன்று. ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விடைகளை வைத்து 2018இல் வெளிவந்த ஆய்வு, இலக்கணத்தைப் பிடித்துக்கொள்ளும் திறன் பதினேழு வயது வரை பெரிதாகக் குறைவதில்லை என்றும், முழுமையாகத் தேர்ச்சி பெறப் பத்து வயதுக்குள் தொடங்குவது நல்லது என்றும் கூறியது. அதன் கணக்கிடும் முறை பற்றி விவாதம் உண்டு. தவிர, அது ஆங்கிலத்தைக் கற்றோர் பற்றியது. உங்கள் மகளோ தமிழைக் கேட்டுப் புரிந்துகொள்பவள், ஆகவே அவள் முதலிலிருந்து தொடங்கவில்லை. அவளுக்குத் தேவை, தமிழில் பதில் சொல்லாவிட்டால் காரியம் ஆகாத ஓர் ஆள்.

கடைசியாக, உங்கள் ஆத்தா சொன்ன வாக்கியம். அதை நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால், ‘நம்ம நினைப்பு’ என்பதை ‘நம்மைப் போன்ற சிந்தனை’ என்று எடுத்துக்கொண்டதாகத் தெரிகிறது. மொழியும் சிந்தனையும் பற்றிய உங்கள் கேள்வியே அதிலிருந்துதான் பிறந்திருக்கிறது. ஆனால் நம் பக்கத்தில், ‘உன் நினைப்பாவே இருக்கேன்’, ‘ஊரு நினைப்பு வந்திருச்சு’ என்று சொல்லும்போது அந்தச் சொல்லுக்குப் பொருள் ஏக்கத்தோடு கூடிய ஞாபகம். ‘நம்ம நினைப்பே இல்லையேப்பா’ என்றால், நம்மை அவள் தேடுவதில்லையே என்பதுதான். மகளின் மூளையைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. பேத்தி தம்மோடு பேசவில்லை என்று சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு அழைக்கும்போது கைப்பேசியை மகளிடம் கொடுத்துவிட்டு, நீங்கள் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். பக்கத்தில் இருந்தால் அவள் உங்களையே மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொள்வாள். ‘அப்பத்தா, சாப்பிட்டீங்களா?’ என்று அவள் கேட்டுவிட்டால் போதும். மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.